தாழ்ச்சியடையேன்: அம்மாவின் மறதி நோயோடு நான் கடந்த வருடங்கள்

அம்மாவுக்கு ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, எங்கள் சபை உபதேசியார். 2019 கடைசியில் ஒரு நாள் எனக்குப் போன் செய்தார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. டீச்சரம்மா இந்த மாசச் சங்கக் காணிக்கையை மூணு தடவை குடுத்துட்டாங்க. ரெண்டு கவரைத் தனியா எடுத்து வச்சிருக்கேன், ஊருக்கு வரும்போது வாங்கிக்கிடுங்க" என்றார். நான் அப்போது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் தனியாக இருந்தார்கள். அப்பா இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அண்ணன் துபாயில், தம்பி சென்னையில். "வயசாச்சுல்ல, எழுபத்திரண்டு ஆகுது" என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அந்த ஒரு வாக்கியத்தால் ஒன்றரை வருடம் போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அப்புறம் கொரோனா வந்தது. ஊருக்குப் போகவே முடியவில்லை. போனில் அம்மா நன்றாகத்தான் பேசினார்கள், ஆனால் ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்டார்கள். ரசத்தில் சீனி போட்டுவிட்டதாகப் பக்கத்து வீட்டு மதினி சொன்னார்கள். 2021 ஜூனில் நான் ஊருக்கு வந்தபோது வேதப்புத்தகம் பிரிட்ஜுக்குள் இருந்தது. அம்மா அதைத் தேடித் தேடி அழுதிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு அல்சைமர் என்றார். முழுதாகக் குணமாக்க மருந்து இல்லை, கொஞ்ச காலம் ஓரளவு தாக்குப்பிடிக்க டோனெபெசில் என்ற மாத்திரை உதவலாம் என்று சொன்னார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு மறதி என்று தெரிந்தால் "வயசு" என்று விட்டுவிடாதீர்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு இவையும் மறதியாகத் தெரியலாம், இவற்றைச் சரிசெய்ய முடியும். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லோருக்கும் உண்டு. பணம் கொடுத்ததே ஞாபகமில்லாமல் மறுபடி கொடுப்பது, வருடக்கணக்காகச் செய்த சமையலில் முறை தவறுவது, தெரிந்த வழியில் திகைத்து நிற்பது, இவை வேறு. இதைப் பெரும்பாலும் வெளியே இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். உபதேசியாரோ பால்காரரோ சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு வந்துவிட்டேன். அண்ணனும் தம்பியும் பணம் அனுப்பினார்கள், ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினார்கள். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து "பெல் அடிச்சாச்சு, வகுப்புக்குப் போகணும்" என்று சேலை மாற்றும் அம்மாவோடு இருந்தது நான் ஒருத்திதான். சபையிலும் நான் யாரிடமும் மனம் விட்டுச் சொல்லவில்லை. டீச்சரம்மாவுக்குப் பைத்தியம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். முப்பத்துநான்கு வருடம் பாடம் நடத்தி, ஓய்வுநாள் பள்ளியில் இரண்டு தலைமுறைக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். அந்த மதிப்பைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குள் பூட்டிவைத்தேன்.

இந்தத் தனிமையில்தான் அந்தத் தவறைச் செய்தேன். தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு ஜெபக்குழுவுக்குப் போனேன். அங்கே இருந்தவர் அம்மாவின் தலையில் கை வைத்து, இது நோய் இல்லை, பரம்பரைச் சாபம், மறதியின் ஆவி என்றார். நாற்பது நாள் உபவாச ஜெபம், அதோடு "விசுவாச விதை" என்ற பெயரில் காணிக்கை. முதலில் 25,000 ரூபாய், பிறகு 45,000, கடைசியில் 50,000. மொத்தம் 1,20,000 ரூபாயை என் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது கை நடுங்கியது, ஆனாலும் கொடுத்தேன். மாத்திரை போடுவது அவிசுவாசம் என்றும் சொன்னார். பதினொரு வாரம் மாத்திரையை நிறுத்தினேன்.

2022 மார்ச்சில் ஒரு விடியற்காலை அம்மாவைக் காணவில்லை. பின்கதவு திறந்து கிடந்தது. ஐந்தரை மணிக்குப் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தவர்களை அவர்களுடைய பழைய மாணவர் ஒருவர் அடையாளம் கண்டு வீட்டுக்குக் கூட்டி வந்தார். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்களாம். அங்கே அவர்கள் வேலை பார்த்தது 1978-ல். உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. வயதானவர்களுக்கு, அதுவும் மறதி நோய் உள்ளவர்களுக்கு, இந்தத் தொற்று வந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே குழப்பம் பல மடங்காகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அந்த வாரம் முழுக்க அம்மா கத்தியதையும் சுவரோடு பேசியதையும் "ஆவி வெளியேறுகிற அடையாளம்" என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பிக்கொண்டு காய்ச்சல் இருக்கிறதா என்றுகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு 38,000 ரூபாய். மாத்திரை விட்டதில் இழந்ததைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. என் பெயரை அம்மா சொன்னது அதற்கு முந்தைய மாதத்தோடு சரி.

அந்த ஆஸ்பத்திரி ராத்திரிகளில் நான் என்னையே கேட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு மூளையில் நோய், மறக்கிறார்கள். எனக்கு என்ன வந்தது? வேதம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத வீட்டில் வளர்ந்தவளா நான்? அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரம், சீமோன் என்கிற மாயவித்தைக்காரன் பணத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது பேதுரு சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். தேவனுடைய வரத்தைப் பணத்தால் சம்பாதிக்கலாம் என்று நினைத்ததற்காக "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப் போகக்கடவது" என்பார். ஏழாம் வகுப்பில் அந்தப் பகுதியைச் சொல்லி ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கினேன், சொல்லிக்கொடுத்ததே அம்மாதான். எசேக்கியா ராஜா வியாதியில் ஜெபித்தான், கர்த்தர் கேட்டார், ஆனாலும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி அந்தப் பிளவையின்மேல் போடச் செய்தார் என்பதும் தெரியும். லூக்கா ஒரு வைத்தியர் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்திருந்தது, பயம் வந்த நேரத்தில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. தெரிந்திருப்பது வேறு, தேவைப்படும் நேரத்தில் நினைவுக்கு வருவது வேறு என்று அப்போதுதான் புரிந்தது. உபாகமத்தில் மோசே "நினைப்பாயாக", "மறவாதபடிக்கு எச்சரிக்கையாயிரு" என்று திரும்பத் திரும்பச் சொல்வதை வயதானவர் பேச்சு என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். பயத்தில் மனது எப்படி வெறுமையாகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

யாராவது இப்போது அந்த நிலையில் இருந்தால் சொல்கிறேன். ஜெபிக்க வருகிறவர் பணத்தொகை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மருந்தை நிறுத்தச் சொன்னால் அன்றைக்கே உங்கள் சொந்தச் சபை ஐயரிடம் (போதகரிடம்) போய்ச் சொல்லுங்கள். பெரிய முடிவு எதையும் தனியாக, ராத்திரியில், அழுதுகொண்டு எடுக்காதீர்கள். ஒரே ஒரு ஆளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தால்கூட எனக்கு அந்தப் பணமும் அந்தப் பதினொரு வாரமும் மிஞ்சியிருக்கும். நான் கடைசியில் ஐயரிடம் போய் அழுதபோது அவர் கண்டிக்கவில்லை. "எங்க அப்பாவுக்கும் இதேதான்மா" என்றார். அவரும் யாரிடமும் சொல்லாமல்தான் இருந்திருக்கிறார்.

பண விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அம்மா பெயரில் மட்டும் வங்கியில் நான்கு லட்சம் வைப்புத்தொகை இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுக்கலாம் என்று போனால் கையெழுத்து ஒத்துப்போகவில்லை. பவர் எழுதி வாங்கலாம் என்றால், எழுதிக் கொடுப்பவருக்கு என்ன எழுதுகிறோம் என்ற தெளிவு இருக்க வேண்டும், தெளிவு போனபின் அது செல்லாது என்றார் வக்கீல். கடைசியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுப் போட்டு என்னைப் பாதுகாவலராக நியமிக்க உத்தரவு வாங்கினோம். 14 மாதம், 45,000 ரூபாய். நோய் என்று தெரிந்த முதல் மாதத்திலேயே, அம்மாவுக்குத் தெளிவு இருந்தபோதே, அவர்கள் சம்மதத்தோடு கணக்கை இரண்டு பேர் பெயருக்கு மாற்றி, நாமினி பெயரைச் சரிபார்த்து, உயில் எழுதியிருந்தால் இது ஒன்றும் வேண்டியிருக்காது. அதைப் பற்றிப் பேசுவது விசுவாசக் குறைவு என்று நினைத்தேன். யாக்கோபு சாகும் முன்னே தன்னை எங்கே அடக்கம்பண்ண வேண்டும் என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் கால்களைக் கட்டிலின்மேல் மடக்கினார்.

இனி சொல்லப்போவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை. தாமிரபரணி கரை தாண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. நானும் அம்மாவும் மாடியில் ஒரு மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர்ச் சத்தத்தில் அம்மா நடுங்கினார்கள். என்னைப் பிடித்துத் தள்ளி, "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை? எங்க வீட்டுல விடுங்க" என்று அழுதார்கள். சமாதானம் சொல்லிச் சொல்லி எனக்கு வார்த்தை தீர்ந்துவிட்டது. ஜெபிக்கவும் வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்." அழுகை நின்றது. இருட்டிலிருந்து அம்மாவின் குரல், பழைய வகுப்பறைக் குரல், தெளிவாக வந்தது: "நான் தாழ்ச்சியடையேன்." நான் மேலே சொல்லவில்லை. அவர்களே சொன்னார்கள். புல்லுள்ள இடங்கள், அமர்ந்த தண்ணீர்கள், மரண இருளின் பள்ளத்தாக்கு என்று ஒரு வார்த்தை பிசகாமல் 23-ஆம் சங்கீதத்தின் ஆறு வசனத்தையும் முடித்துவிட்டு, "பிள்ளைகள் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்கள். என் பெயர் தெரியாத அம்மா. நான் அவர்கள் மடியில் தலை வைத்து அழுதேன். யாரோ ஒரு பிள்ளை அழுகிறது என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

பிறகு டாக்டரிடம் கேட்டேன். இந்த நோய் முதலில் தாக்குவது புது நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை, அதனால் காலையில் சாப்பிட்டது மறந்துபோகும், ஆனால் சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை வாய்விட்டுச் சொன்னதும் ராகத்தோடு பாடியதும் வெகுநாள் நிற்கும் என்றார். அதற்கப்புறம் எங்கள் நாள் மாறிவிட்டது. குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்கள், சங்கீதத்தின் முதல் பாதியை நான் சொன்னால் மறுபாதியைச் சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்ற விட்டார்கள். சாயங்காலக் குழப்பத்துக்குப் பாமாலையும் கீர்த்தனையும். சாப்பாட்டுக்கு முன் பரமண்டல ஜெபம், அது முடிந்தால் வாய் தானாகத் திறக்கும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியம். ஒரு நாள் பார்க்க வந்த உறவினர் 1995-ல் வந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பிலிருந்து "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று வாசித்தார். அழகான தமிழ். அம்மா முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அதே சங்கீதத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் ஆரம்பித்ததும் உதடு அசைந்தது. அவர்களுக்குள் பதிந்திருப்பது அர்த்தம் மட்டுமல்ல, அந்த வார்த்தை, அந்த இழுப்பு, மூச்சுவிடும் இடம். ஆகவே பெரியவர்களுக்கு வாசிக்கும்போது அவர்கள் படித்த மொழிபெயர்ப்பையே வாசியுங்கள், அவர்கள் பாடிய மெட்டிலேயே பாடுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் எந்த மொழிபெயர்ப்பானாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள், மாற்றி மாற்றிச் சொன்னால் ஒன்றும் பதியாது. இப்போது வசனம் போனில் இருக்கிறது, தேடினால் வந்துவிடும், எதற்கு மனப்பாடம் என்று என் தம்பி மகன் கேட்கிறான். அந்த வெள்ள ராத்திரியில் போனில் சார்ஜ் இல்லை என்று அவனுக்குச் சொன்னேன்.

ஐயர் மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து திருவிருந்து (நற்கருணை) கொடுக்க ஆரம்பித்தார். முதல் தடவை எனக்குத் தயக்கம். என்னவென்றே தெரியாத ஆளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். ஐயர், "என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்னுதானே ஆண்டவர் சொன்னார். நினைவுகூருவது சபை, அம்மா சபையில் இருக்காங்க" என்றார். அம்மா இடது கைமேல் வலது கையை வைத்துக் குழித்து நீட்டினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தலையில் முக்காடு நழுவியபோது அதையும் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். மறதி நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் "அவங்களுக்கு என்ன தெரியப்போகுது" என்று திருவிருந்தை நிறுத்திவிடாதீர்கள். நான் இரண்டு வருடம் நிறுத்தியிருந்தேன்.

2024-ல் வெள்ளத்தில் நனைந்த சாமான்களை ஒதுக்கும்போது மச்சியில் இருந்த ட்ரங்குப் பெட்டியில் ஒரு கோடு போட்ட நோட்டு கிடைத்தது. முதல் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் சங்கீதம் 103-லிருந்து "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே." உள்ளே 1971-லிருந்து ஒவ்வொன்றும் ஒரு வரி, இரண்டு வரி. அப்பாவுக்கு வேலை கிடைத்தது. தம்பிக்கு டைபாய்டு, 21-ஆம் நாள் காய்ச்சல் இறங்கியது. "1992 நவம்பர் வெள்ளம். பிள்ளைகள் மூவரும் சுகம். அரிசி மட்டும் போயிற்று. ஸ்தோத்திரம்." எங்கள் கல்லூரிக் கட்டணத்துக்கு யார் கடன் கொடுத்தார்கள், எப்போது அடைத்தோம் என்பதுகூட இருந்தது. அப்பா இறந்த நாளுக்கு ஒரே வரி: "இம்மட்டும்." சாமுவேல் நட்ட கல்லில் சொன்ன அந்த வார்த்தை, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்பதில் முதல் சொல். மீதியை எழுத அன்றைக்கு அவர்களால் முடியவில்லை போலிருக்கிறது. இந்த நோட்டு 2021-ல் என் கையில் கிடைத்திருந்தால் நான் அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்க மாட்டேன். எங்கள் குடும்பத்துக்குச் சாபம் என்று ஒருவர் சொன்னபோது, இந்த ஐம்பது வருடக் கணக்கை எடுத்து அவர் முன்னால் வைத்திருப்பேன்.

அப்படி ஒரு நோட்டை நானும் தொடங்கியிருக்கிறேன். பெரிய சாட்சி ஒன்றும் எழுதுவதில்லை. தேதி, நடந்தது, யார் மூலமாக உதவி வந்தது, அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் இல்லை, கையால். எங்கே இருக்கிறது என்று தம்பி மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் அப்பா அம்மா இன்னும் தெளிவாக இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தச் சங்கீதம் பிடிக்கும், அடக்க ஆராதனையில் எந்தப் பாட்டு வேண்டும், ஞானஸ்நானம் கொடுத்தது யார், எந்தக் கஷ்டத்தில் ஆண்டவர் எப்படி நடத்தினார். போனில் அவர்கள் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். என்னிடம் அம்மாவின் குரல் மொத்தம் நான்கு நிமிடம்தான் இருக்கிறது, அதில் இரண்டு நிமிடம் கேஸ் சிலிண்டரைப் பற்றி. கவனிக்கிறவர்களுக்கும் ஒன்று: முதியோர் உதவி எண் 14567, மனம் தாங்காமல் போகும்போது பேச டெலிமானஸ் எண் 14416. இரண்டும் இலவசம். எனக்கு இவை தெரியவந்தது மூன்றாவது வருடம்.

அம்மா என்னை மறந்தது எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை. ஏசாயா 49-ல் ஸ்திரீயானவள் தன் பாலகனை மறப்பாளோ என்று ஒரு கேள்வி வருகிறது. சின்ன வயதில் அதற்குப் பதில் "மாட்டாள்" என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த வரியைச் சரியாகப் படித்ததே இல்லை. "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை." மறப்பாள், அதுவும் நடக்கும் என்று தெரிந்துதான் ஆண்டவர் அதைச் சொல்லியிருக்கிறார். அதைக் கண்டுகொண்ட நாளில்தான் அம்மாமேல் இருந்த கோபம் போனது. கோபம் இருந்தது என்பதையே அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன்.

இந்த வருடம் அம்மா பேசுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. விழுங்கவும் சிரமம், கஞ்சியாகத்தான் கொடுக்கிறேன். ராத்திரி விளக்கை அணைக்கும் முன் பக்கத்தில் உட்கார்ந்து "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பேன். சில நாள் உதடு அசைகிறது. அசையாத நாளில் அவர்கள் பாதியையும் நானே சொல்கிறேன்.